பதில் சொல்லிவிடுகிற மனிதர்

புந்தோங்கில் இருந்த அவருடைய வண்டிப் பட்டறைக்கு முதல் தடவை போனபோது, அவர் மனைவிதான் எதிரில் வந்தார். ஈப்போவில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், கடலை வறுக்கிற வீடுகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை என்று. அந்த அம்மா என் காக்கிச் சட்டையையும் வெளியே நின்ற ஜீப்பையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வண்டிய விட்டுட்டுப் போங்க தம்பி. வேலை முடிஞ்சதும் வந்து எடுத்துக்குங்க. அவருகிட்ட மட்டும் ஒன்னும் கேக்காதீங்க. கேட்டா பதில் சொல்லிடுவாரு."

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அவர் குள்ளம். இடது தோள் சற்றே இறங்கியிருக்கும். மெக்கானிக் என்று நம்ப முடியாதபடி நகங்கள் சுத்தமாக இருக்கும். மரத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வெளுத்துப் போயிருக்கும். வெற்றிலை கிடையாது, சிகரெட் கிடையாது. பால் சேர்க்காத கோப்பி ஓவைத் தட்டில் ஊற்றி ஆற விட்டுக் குடிப்பார். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார். அதுதான் தொந்தரவு. கெட்ட சேதியைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சொன்னால் கேட்பவனுக்கு மூச்சு விட இடம் இருக்கும். அவர் அந்த இடத்தைத் தரமாட்டார்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கார் கொண்டு வந்தார். பழைய கார்தான், ஆனால் அவருக்குப் புதிது. முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. கோயிலில் பூசை முடித்து நேராக வந்திருந்தார். மனைவி பின் இருக்கையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தார்.

"சும்மா ஒருக்கா பாருங்கோ. நல்ல கார்தானே?"

கேட்டுவிட்டார். இவர் கீழே போய்ப் படுத்தார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், இது ரெண்டு காரு. முன்பாதி ஒன்னு, பின்பாதி ஒன்னு. நடுவுல வெட்டி ஒட்டியிருக்கான்."

அந்த அம்மாள் காரை விட்டு இறங்கி, பட்டறைக்கு வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டார். கணவரைப் பார்க்கவே இல்லை.

இன்னொரு தடவை, பக்கத்து வீட்டில் சாவு. நாற்பது வயது மனிதர், வயிற்று வலியென்று ஒரு வாரம் கிடந்து போய்விட்டார். அவர் மனைவி வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு, "நாம என்ன செய்ய முடியும், அவ்வளவுதான் அவருக்கு எழுதியிருக்கு" என்று அழுதுகொண்டிருந்தாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இவரைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்கண்ணே, செய்யுறதுக்கு ஏதும் இருந்துச்சா?" என்றாள். இவர் சொன்னார்: "மூனாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பாரு."

வீட்டு ஆண்கள் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் அன்று சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பாமல் நின்றபோது, அதே சட்டையோடு கீழே படுத்து அரைமணி நேரத்தில் ஓட வைத்ததும் அவர்தான். அவரிடம் கெட்ட எண்ணம் கிடையாது என்பதை நான் சொல்லியாக வேண்டும். தராசு முள்ளுக்கு யார்மேலும் கோபம் இல்லை. அவரும் அப்படித்தான் இருந்தார்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பெரிய சாலையிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரைவர். மேனேஜர் உள்ளூர்க்காரர்தான், ஆனால் நாங்கள் பழக்கத்தில் தொரை என்றே கூப்பிட்டோம். அவருக்குக் காட்டுப் பன்றி வேட்டையில் கிறுக்கு. தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலையில் மர லாரிகள் ஓடி ஓடிப் பாதையைச் சேறாக்கி வைத்திருந்தன. ஜீப்பின் அடிவயிறு தட்டிக்கொண்டே இருந்தது. தொரை அதை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போகச் சொல்லி, ஸ்பிரிங்குப் பட்டைகளைத் தாங்குகிற ஷேக்கல்களை நீளமாக மாற்றி, பெரிய டயர் போட்டு, வண்டியை நாலு அங்குலம் தூக்க வைத்தார்.

திரும்பி வந்த நாளில் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். என் மூன்று பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மேலே உட்கார்ந்தால் லாரிக்காரனையே கீழே பார்க்கலாம். தொரை நடந்து வந்தால் நிமிர்ந்து பார்க்காதவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த உயரம் எனக்கும் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் பெரிய சாலையில் ஒரு பாலத்தின் விளிம்பில் சக்கரம் ஏறி இறங்கியது. ஸ்டியரிங் என் கையில் நடுங்கத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு என் முழங்கை, கண்ணாடி, பானெட்டு எல்லாம் உதறியது. இரண்டு கையாலும் பிடித்தேன், நிற்கவில்லை. வண்டி நிற்கிற அளவுக்கு வேகம் குறைந்த பிறகுதான் அடங்கியது.

அப்படித்தான் புந்தோங் போய்ச் சேர்ந்தேன்.

"எப்ப ஆடுது?" என்றார்.

"நாப்பது மைலுக்கு மேல போறப்ப ஒரு பள்ளத்துல ஏறி இறங்கினா போதும்ணே."

"பள்ளமே இல்லாட்டி?"

"ஆடாது."

"அப்ப பள்ளம் எழுப்பிதான் விடுது. உள்ள ஒன்னு தூங்கிக்கிட்டு இருக்கு."

என்னை உட்கார வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கச் சொன்னார். அவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சக்கரங்களை இணைக்கும் கம்பியின் ஒரு முனை தேய்ந்திருந்தது, மாற்றினார். லாஹாட் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எனக்கு ஆட்டமே தெரியவில்லை.

"போயிடுச்சுலா அண்ணே!"

"இருக்கு."

பேரிங்கை இறுக்கினார். மறுபடி ஓட்டினார். "இருக்கு." டயர்களைக் கழற்றி இடம் மாற்றினார். "இருக்கு." இரண்டு நாள் இப்படிப் போனது. எனக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டினார்.

"முன் ஃபோர்க்கப் பாரு. நேரா நிக்குதா?"

"சாய்ஞ்சிருக்கு."

"தலை பின்பக்கம் சாய்ஞ்சிருந்தாத்தான் சக்கரம் தானா நேரா ஓடும். ஜீப்புக்கும் அதான். ஒங்க தொரை முன் ஷேக்கல நீட்டினாரா, அச்சு முன்பக்கம் உருண்டுடுச்சு. இப்ப சக்கரத்துக்கு எது நேருன்னே தெரியல. அதான் பள்ளம் கெடச்சா உதறுது."

பழைய இரும்புத் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இரண்டு ஆப்புகள் செய்தார். அரத்தால் கையாலேயே ராவினார். அவற்றை ஸ்பிரிங்குப் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் வைத்து முடுக்கியதும் அச்சு பின்பக்கம் சாய்ந்தது. லாஹாட் சாலையில் ஐம்பது மைலில் போய், வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கி, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். ஜீப் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

"இதோட நிப்பாட்டச் சொல்லு ஒங்க தொரைய. இதுக்கு மேல தூக்குனா ஒன்னும் தாங்காது."

சொன்னேன். தொரை தலையாட்டினார். அடுத்த வருடமே இன்னும் இரண்டு அங்குலம் தூக்கினார்.

ஆட்டம் திரும்ப வந்தது. நானும் புந்தோங்குக்குத் திரும்ப வந்தேன். அவர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எறக்கணும். எறக்காட்டி இதுல ஆள ஏத்தாத."

"எறக்கச் சொன்னா தொரை விட மாட்டாருண்ணே. வேற ஏதாச்சும்…"

"வேற ஒன்னும் இல்ல."

தொரையிடம் போய், வண்டியை இறக்க வேண்டுமாம் என்று சொல்லி நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பயமா இருந்தா சொல்லு, வேற டிரைவர் பார்த்துக்கிறேன்," என்றார். பிறகு, ஸ்டியரிங் டேம்பர் என்று ஒரு சாமான் இருக்கிறது, ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்கும், அதைப் போட்டுக்கொள் என்றார். டவுனில் வேறொரு கடையில் அரை நாளில் ஒரு தாங்கியைப் பற்ற வைத்து அதை மாட்டிக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றது. சுத்தமாக நின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் தோட்டத்துக்குப் போகாமல் நேராகப் புந்தோங் போனேன். அவர் தோற்றதை அவரே பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"ஏறுங்கண்ணே. ஓட்டிப் பாருங்க."

அவர் ஏறவில்லை. ஸ்பேனரோடு கீழே படுத்து இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, டேம்பரின் ஒரு முனையைக் கழற்றித் தொங்கவிட்டார். பிறகுதான் ஏறி ஓட்டினார். முதல் பள்ளத்திலேயே ஜீப் முழுக்க உதறியது. அவர் நிறுத்தினார், இறங்கினார், டேம்பரைப் பழையபடி மாட்டி முடுக்கினார்.

"வாயப் பொத்தியிருக்கு. அவ்வளவுதான். இப்ப ஒனக்குத் தெரியும்."

தொரை கேட்டபோது, "நல்லா இருக்கு சார், ஆடல," என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம். பால்மரம் வெட்டும் செல்லம்மாவுக்கு வலி கண்டது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். தோட்டத்து லாரி வெளியே போயிருந்தது. ஜீப்தான் இருந்தது. பின்னால் பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அவள் கணவன் முனியாண்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஐம்பத்தைந்தில் போனேன். அவள் கத்தினாள், முனியாண்டி, "சீக்கிரம்ணே, சீக்கிரம்ணே," என்றான், நான் இன்னும் அழுத்தினேன்.

பாலத்தின் விளிம்பில் கீழே ஒரு சத்தம் கேட்டது. டேம்பரின் தாங்கி பிய்ந்த சத்தம் என்று பிறகுதான் தெரியும். ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டது. நடுச் சாலையிலிருந்து ஓரத்துக் கால்வாய் வரைக்கும் நான் அதை ஓட்டவில்லை.

எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. முனியாண்டிக்குத் தோள்பட்டை. செல்லம்மா பிழைத்தாள். பிள்ளை அன்று சாயங்காலம் செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை. இனிமேல் அவளுக்குப் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்மேல் கேஸ் போட்டார்கள். ஜீப்பில் கோளாறு இருப்பதாக டிரைவர் தன்னிடம் சொன்னதே இல்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னான் என்று தொரை எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் மாத்தாக்காரர்கள் புந்தோங் பட்டறைக்கும் போயிருக்கிறார்கள். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஓடினேன்.

அவர் ஒரு இரும்புப் பட்டையை ராவிக்கொண்டிருந்தார். விலாவில் கட்டோடு நான் நின்றேன்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. டிரைவர்கிட்ட ஒன்னும் சொல்லலன்னு சொல்லிடுங்க. சாமான் தானா ஒடஞ்சதா போயிடும்."

"சொன்னேன்ல."

"சொன்னீங்க. இப்ப சொல்லலன்னு சொல்லுங்கண்ணே. அவ்வளவுதான்."

"ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும்ணே. தெரியும்! எனக்கு மூனு பிள்ளைங்க. நான் உள்ள போனா லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

அரம் நின்றது. என் கண்ணைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு பிள்ளகூட இல்ல," என்றார்.

பிறகு மறுபடி ராவத் தொடங்கினார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோர்ட்டில் அவர் நின்றதை இப்போதும் பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன். சிவப்பு ஐ.சி. அடையாள அட்டை வைத்திருந்தவர் அவர், அந்த அட்டை உள்ள குடியுரிமை கிடைக்காதவர்கள் அந்த நாளில் கோர்ட்டு வாசலையே சுற்றிக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்தால் எங்கே போய் முடியுமோ என்ற பயம். அவருக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. டிரைவருக்கு எச்சரிக்கை கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே, "ரெண்டு தடவ," என்றார். டிரைவருக்குப் புரிந்ததா? "ஓட்டிக் காட்டினேன். புரிஞ்சுச்சு." போகலாம் என்றார்கள்.

அவர் போகவில்லை.

"ஜீப்ப தூக்கச் சொன்னது யாருன்னு கேளுங்க," என்றார்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

"அதக் கேக்காம இத மட்டும் கேட்டா எப்படி? அந்த மேனேஜர் தூக்கினதுனாலதான் ஆடிச்சு. எறக்கச் சொல்லி அனுப்பினேன். எழுதிக்குங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவரைக் கூண்டிலிருந்து இறங்கச் சொன்னார்கள். தொரை முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கூண்டில் அவர் சொன்ன உண்மையில் பாதி எழுதப்பட்டது. அந்தப் பாதி என்னுடையது.

ஆறு மாதம் உள்ளே இருந்தேன். லைசென்ஸ் போனது. லயத்து வீடு போனது. என் மனைவி மூன்று பிள்ளைகளோடு சிலிபினில் ஒரு ஒட்டு அறையில் குடியேறி, சாப்பாட்டுக் கடையில் தட்டும் மங்கும் கழுவினாள். தொரை வேறு தோட்டத்துக்குப் பெரிய வேலைக்கு மாறிப் போனார். நான் வெளியே வந்து லாரியில் கெலின்டானாக ஏறினேன். மற்றவன் ஓட்ட, மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து போவேன்.

பெரியவனுக்கு அப்போது பத்து வயது. ஒருநாள் என்னிடம் கேட்டான்: "அப்பா, நீ என்ன தப்பு செஞ்ச?"

நான் சொன்னேன்: "நான் ஒன்னும் செய்யலப்பா. ஒருத்தன் கோர்ட்டுல பொய் சொல்லிட்டான்."

அது அவ்வளவு சுலபமாக வந்தது.

அவருக்கும் பட்டறை படுத்துவிட்டது. தோட்டத்து வண்டிகள் வருவது நின்றது. நம்ம ஆளையே காட்டிக் கொடுத்தவன் என்று புந்தோங்கிலேயே பேச்சு. கடலைக்காரர்களின் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும்தான் வந்தன. எனக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், குடித்திருந்த தைரியத்தில், அவரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று போனேன்.

பட்டறையில் அந்த ஜீப்பின் முன்பாதி கிடந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பழைய இரும்புக் கடையிலிருந்து அதை வாங்கி வந்து, ஒவ்வொரு சாமானாகக் கழற்றி ஒரு சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தார். யாரும் கேட்காத வேலை. என்னைக் கண்டதும், இரண்டு வருடமே இடையில் இல்லாததுபோல, "வா, இதப் பாரு," என்றார்.

அவர் கையில் ஆப்பு ஒன்று இருந்தது. இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பாதி இடம் சாம்பல் நிறம். மீதிப் பாதி பழுப்பு.

"சாம்பல் அன்னைக்கு ஒடஞ்சது. பழுப்பு துரு. விரிசல் முன்னாடியே இருந்திருக்கு. உள்ள தண்ணி எறங்கித் துரு ஏறியிருக்கு. இரும்பு சரியில்ல. நான் எடுத்த துண்டு சரியில்ல. இது விட்டதுனாலதான் டேம்பர் தாங்கியும் பிஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ டேம்பர் போட்டுக் கொண்டு வந்தப்ப எல்லாத்தையும் பார்த்தேன். இத மட்டும் பார்க்கல. நான் செஞ்சதுன்னு பார்க்கல."

நான் திட்ட வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போயின. அதைவிட மோசமான ஒன்று உள்ளே வந்தது. சந்தோஷம்.

"இத கோர்ட்டுல சொல்லுங்கண்ணே!" என்றேன்.

"போய்ச் சொன்னேன். கேஸ் முடிஞ்சிடுச்சு, போன்னுட்டாங்க. அந்தப் புள்ளைகிட்ட சொல்லணும். வீடு எங்க?"

செல்லம்மாவும் முனியாண்டியும் தோட்டத்தை விட்டுப் போய், பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்த்தார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முனியாண்டியிடம் அடி வாங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டு, நானும் அவரோடு பஸ் ஏறினேன்.

முனியாண்டி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காயைக் கீழே போட்டான். செல்லம்மா வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஓரத்தில் கீரைப் பாத்தி போட்டிருந்தாள். எப்படியோ ஒரு மாதிரி வாழத் தொடங்கியிருந்தார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இரண்டு துண்டு இரும்பையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். விரிசல், துரு, தான் பார்க்காமல் விட்டது. அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

முனியாண்டி அடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். செல்லம்மா அந்த இரும்பைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு மெதுவாப் போங்கன்னு சொல்லாம விட்டுட்டேனேன்னு ரெண்டு வருஷம் அழுதேன்," என்றாள். "அப்புறம் சாமி எடுத்துக்கிச்சுன்னு வெச்சுக்கிட்டேன். இப்பத்தான் ராத்திரி தூங்குறேன். நீங்க வந்து இரும்புன்னு சொல்றீங்க."

அவள் அந்த இரும்புத் துண்டுகளைக் கை காட்டினாள்.

"இத வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்ணே? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொள்ளவும் தோன்றாமல் நின்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தெலுக் அன்சன் தாண்டும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"சொல்லியிருக்கக் கூடாதோ?"

எனக்குப் பதில் தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான் என்பதும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தேன். ஈப்போ வரைக்கும் அப்படியே வந்தேன்.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. ஃபாக்டரிப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினேன். பெரியவன் படித்து, டவுனில் ஒரு கணக்கர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல பிள்ளை. குடிக்கமாட்டான், தம்பி தங்கச்சிக்கு அவன்தான் எல்லாம். தப்பு நடந்தால் பொறுக்கமாட்டான்.

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர் வீடு. மண்டபத்தில் நீள மேசைகளில் வாழையிலை போட்டிருந்தார்கள். நானும் பெரியவனும் உட்கார்ந்தோம். பரிமாறத் தொடங்கிய பிறகு எதிர் வரிசையில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். குள்ளம். இடது தோள் முன்பைவிட இறங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலையை லேசாக ஆட்டினார். நான் இலையைப் பார்த்தேன்.

"யாருப்பா அது?" என்றான் மகன்.

நான் பதில் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. சின்ன வயதில் ஈப்போ பாசார் சந்தையில் ஒருநாள் தூரத்திலிருந்து நான்தான் அவனுக்குக் காட்டியிருக்கிறேன், அதோ அந்த ஆள் என்று.

அவன் எழுந்துவிட்டான்.

"நீங்கதானே அந்த மெக்கானிக்கு?"

"ஆமா," என்றார் அவர்.

"கோர்ட்டுல பொய்ச் சாட்சி சொல்லி எங்கப்பாவ உள்ள அனுப்பினது நீங்கதானே? எங்கம்மா கடையில மங்கு கழுவினாங்க. தெரியுமா? என் தங்கச்சி பட்டினி கெடந்திருக்கா. தெரியுமா ஒங்களுக்கு?"

பக்கத்து இலைகளில் கைகள் நின்றன. சாம்பார் வாளியோடு வந்தவன் அப்படியே நின்றான். மகனின் குரல் நடுங்கியது. அது என்மேல் உள்ள பாசத்தால் நடுங்கிய குரல். பத்து வயதிலிருந்து அவன் உள்ளே வைத்திருந்தது.

"சொல்லுங்க. பொய்தானே சொன்னீங்க?"

கேட்டுவிட்டான்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போலக் கண்ணைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று முதலில் கேட்பாரே, அப்படிக் காத்திருந்தார். மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும் எனக்கு. உட்காருப்பா என்று சொன்னால்கூடப் போதும். என் வலது கையில் சோறு பிசைந்தபடி இருந்தது. நான் அந்தச் சோற்றைப் பார்த்தேன்.

அவர் என் மகன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்க தம்பி," என்றார்.

இலையை மடித்தார். பாதிகூடச் சாப்பிடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கைகழுவும் இடத்துக்குப் போகாமல், எச்சில் கையோடு வாசல் பக்கம் நடந்தார். அவர் வெளியே போகும்வரை யாரோ, "செஞ்சதுக்கு வாயத் தொறக்குறானா பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மகன் உட்கார்ந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. என் முதுகில் கையை வைத்துத் தடவிக் கொடுத்தான்.

"விடுப்பா. ஒத்துக்கிட்டான்ல. இனிமே நீ நிம்மதியா இரு."

பாயசம் வந்தது. அப்பாவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றுங்கள் என்று அவன்தான் சொன்னான். நான் வாங்கிக் குடித்தேன்.